தலைகீழ் ஊமத்தை

நடையன் வந்த புதுசுல நாங்க எல்லாச் செடியையும் சந்தேகப்பட்டோம், ஒண்ணைத் தவிர.

நான் இருந்தது கேமரன் மலையில ஒரு ஓட்டல். துணி வெளுக்கிற செக்‌ஷன்ல வேலை. ஊரு பரமக்குடிப் பக்கம், பேரு முத்திருளாண்டி. அந்தப் பேரை அங்க யாரும் முழுசாச் சொன்னதில்ல. மலேசியாத் தமிழங்க இந்தியாவுலேருந்து வந்தவனை ஊர்க்காரன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் ஊர்க்காரன் ஆயிட்டேன்.

கீழ டவுன்ல நோய் பரவுனதும் மலைக்கு ஏறுற ரோட்டை அடைச்சிட்டாங்க. விருந்தாளி, சமையக்காரன், ரூம் கூட்டுறவன்னு எல்லாரும் ஓட்டலுக்குள்ள மாட்டிக்கிட்டோம். டிவி ஓடுன வரைக்கும் அதுல ஜாம்பின்னாங்க. நாங்க நடையன்னோம். நிக்காம நடந்துக்கிட்டே இருக்கும், அதனால.

மொதல்ல தோட்டத்துல கை வச்சோம். மூங்கில் புதருக்குள்ள நின்னா தெரியாதுன்னு மூங்கிலை வெட்டுனோம். வேலிக் கொடியைப் பிடிச்சு ஏறிடுவான்னு கொடியை அறுத்தோம். காகிதப்பூச் செடியை முள்ளுக்காக விட்டு வச்சோம். அதுல ஒரு நடையன் சிக்கி ராப்பகலா கத்துனதுல அதையும் எரிச்சோம்.

பின்னாடி முனீஸ்வரன் கோயிலை ஒட்டி நின்ன ஒரு மரத்தை மட்டும் யாரும் தொடல. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும். ஊமத்தம்பூவைத் தலைகீழாத் தொங்கவிட்ட மாதிரி வெள்ளை வெள்ளையாப் பூ. பொழுது சாஞ்சா அப்படி ஒரு வாசம். மலைக்குக் கீழ பொணம் எரியற நாத்தத்தை அந்த வாசம்தான் மறைச்சுச்சு. அதனால அந்த மரத்து மேல எல்லாருக்கும் ஒரு பிரியம்.

நான் சொல்ல வந்தது கோமளவல்லியைப் பத்தி. ஆனா மரத்தை விட்டுட்டு அவங்களைச் சொல்ல முடியாது.

கோமளா ஓட்டல் செக்யூரிட்டிக்குத் தலைவி. நாப்பது வயசு இருக்கும். குட்டையான உருவம், சத்தமே போடாத குரல். பெரிய பெரிய ஆளுங்கல்லாம் ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு அழுதப்ப, கேட்டைச் சாத்துனது, சாப்பாட்டைப் பங்கு போட்டது, பயந்தவங்களுக்கு வேலை குடுத்து பயத்தை மறக்க வச்சது எல்லாம் அவங்கதான். என்கிட்ட வந்து, "ஊர்க்காரரே, உலகம் அழிஞ்சாலும் பெட்ஷீட்டு அழுக்கா இருக்கக் கூடாது. போய்த் துவைங்க"ன்னாங்க. அன்னிக்குத் துவைக்கலைன்னா நான் பைத்தியமாயிருப்பேன்.

நோய் வந்தவன் உடனே நடையன் ஆயிடறதில்ல. அரை நாள், மிஞ்சுனா ஒரு நாள், நம்மளை மாதிரியே பேசுவான், சிரிப்பான், சத்தியம் பண்ணுவான். எங்க மேனேஜர் அப்படித்தான், "முள்ளு கீறுனதுப்பா, ஒண்ணுமில்ல"ன்னாரு. இவ்வளவு தெளிவாப் பேசுறாரேன்னு நம்புனோம். விடியறதுக்குள்ள ஆறு பேரை முடிச்சிட்டாரு.

அதுக்கப்புறம்தான் டாக்டர் நவரத்தினம் ஒரு வழி சொன்னாரு. அவரு ரிட்டையர் ஆன பல் டாக்டர், சிலோன் தமிழர், தனியா லீவுக்கு வந்து மாட்டிக்கிட்டவர்.

"டார்ச் அடிச்சா எங்கட கண்ணுல நடுவில இருக்கிற கருப்பு சுருங்கும். நோய் மூளைக்கு ஏறினதும் முதல் கெடுறது அதுதான். விரிஞ்ச கருப்பு விரிஞ்சபடி நிக்கும். மனுசன் பொய் சொல்லுவான், கண்ணு சொல்லாது."

கோமளா அதைச் சட்டமாப் போட்டாங்க. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கும்போது டார்ச். கருப்பு சுருங்கலைன்னா கார் ஷெட்டுல இருக்கிற நாற்காலி. அங்க மூணு தரம் திரும்பவும் டார்ச். மூணு தரமும் சுருங்கலைன்னா கோமளாவோட துப்பாக்கி. அதை வேற யாரு கையிலயும் அவங்க குடுத்ததில்ல. "அந்தப் பாரம் ஒரு ஆளோட இருக்கட்டும்"னு சொல்லிடுவாங்க. சாப்பாட்டு ஹால் செவுத்துல கொட்டை எழுத்துல எழுதியும் வச்சாங்க: பேச்சைக் கேக்காதே, கண்ணைப் பாரு. ஓட்டல் ரேடியோவுல மத்த கேம்புகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்ததும் அவங்கதான். எஸ்டேட்டு, ஸ்கூலு, பேக்டரின்னு மலைமேலயும் கீழயும் உயிரோட இருந்த எல்லாக் கூட்டமும் கோமளா சொன்ன டார்ச்சைப் பிடிச்சுச்சு. எத்தனையோ பேரை அது காப்பாத்துச்சு. அதையும் நான் மறைக்கல.

அந்த நாற்காலியில ஒரு நாள் அவங்க தங்கச்சி லீலா உக்காந்தா.

லீலா ஓட்டல்ல பூ அலங்காரம் பண்றவ. எப்பவும் எதையாவது பாடிக்கிட்டு இருப்பா. வெள்ளிக்கிழமை காலையில முனீஸ்வரனுக்கு மாலை கட்டுறது அவ வேலை. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரிசையில நின்னப்ப அவ கண்ணு சுருங்கல. முந்தின நாளு வேலிக்கு அந்தாண்ட கோழி தேடிப் போயிருந்தா, அங்கதான் ஒட்டியிருக்கும்னு எல்லாரும் முடிவு பண்ணோம். மூணு தரம் டார்ச் அடிச்சாங்க. லீலா முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதுக்கிட்டே என்னவோ சொன்னா. சட்டப்படி யாரும் கேக்கல. கோமளா கை நடுங்காமச் சுட்டாங்க. மறுநாளு காலையில வழக்கம்போல கேட்டுல நின்னாங்க.

நான் அவங்களைப் பாத்து மலைச்சது அப்பதான். ஆனா அதெல்லாம் பெருசில்லன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் சாமிக்கு மாலையே இல்ல. மொட்டையா நின்னுச்சு. எனக்கு அந்த மலையில சொந்தம்னு யாருமில்ல. ஊரோட போன் அறுந்து போச்சு. லீலா ஒருத்திதான் என்னைப் பாத்தா, "ஊர்க்காரண்ணே, சாப்டாச்சா?"ன்னு கேப்பா. அவ விட்ட வேலையை நாம செய்வோமேன்னு ஒரு வெள்ளிக்கிழமை காலையில ஊசி நூலை எடுத்தேன். ரோஜா, செவ்வந்தி எல்லாம் தீந்து போச்சு. அந்த மரத்துல பூ கொள்ளையாத் தொங்குச்சு. ஊமத்தை ஈஸ்வரனுக்கு ஆகும்தானே, முனியும் ஈஸ்வரன்தானேன்னு காம்பை ஒடிச்சு ஒடிச்சுக் கட்டுனேன். கையெல்லாம் பிசுபிசுன்னு ஆச்சு. தண்ணி அளந்து குடுக்கிற காலம், கை கழுவல. வேட்டியில துடைச்சுக்கிட்டேன்.

சமையக்கட்டு முனியம்மா கற்பூரம் காட்டுனாங்க. ரெண்டு கையையும் சுடர் மேல காட்டி, நல்லா அழுத்திக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். ஊரு ஞாபகம் வந்துச்சு. இன்னொரு தரம் ஒத்திக்கிட்டேன்.

மத்தியானம் வரிசையில நிக்கும்போதே தட்டு மங்கலாத் தெரிஞ்சுச்சு. பசி மயக்கம்னு நெனச்சேன். லிங்கேஸ் டார்ச்சோட வந்தான். அவன் கோமளாவுக்குக் கீழ இருக்கிற செக்யூரிட்டிப் பையன், இருபத்தஞ்சு வயசு, வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

"என்ன ஊர்க்காரண்ணே, மாலையெல்லாம் பலமா இருக்கு? சாமிகிட்ட பொண்ணு கேட்டீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே என் கண்ணுல டார்ச் அடிச்சான்.

சிரிப்பு நின்னுச்சு. இன்னொரு தரம் அடிச்சான். பின்னாடி நின்னவங்க நகர்ற சத்தம் கேட்டுச்சு.

"அண்ணே," மெதுவாச் சொன்னான். "தட்டைக் கீழ வைங்க."

கார் ஷெட்டுல நாற்காலியோட சேத்துக் கட்டுனாங்க. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாக் கேட்டுச்சு. கோமளா வந்து எதுர நின்ன காலடி, துப்பாக்கியைத் தோள்லேருந்து இறக்குனது, எல்லாம் கேட்டுச்சு. டாக்டர் டார்ச் அடிச்சாரு.

"சுருங்கேல்ல," அவர் சொன்னாரு. "முதல் தரம்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா"ன்னேன். சொல்லும்போதே மேனேஜரும் இதைத்தான் சொன்னாருன்னு ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது தரம் அடிச்சாரு. என்னால தாங்க முடியல. தலையைத் திருப்பிக்கிட்டுக் கத்துனேன்: "டாக்டர், எடுங்க அதை! கூசுது, கண்ணு ரொம்பக் கூசுது!"

டார்ச் வெளிச்சம் என் முகத்தை விட்டு விலகுச்சு.

"என்ன சொன்னீங்க?" கோமளா கேட்டாங்க.

"அக்கா, பேச்சைக் கேக்கக் கூடாது," லிங்கேஸ் சொன்னான்.

"நீ வாயை மூடு. ஊர்க்காரரே, என்ன சொன்னீங்க?"

"வெளிச்சம் கூசுதும்மா. ஊசி குத்துற மாதிரி இருக்கு."

கோமளா டாக்டர் பக்கம் திரும்புனாங்க. "டாக்டர், இந்த நாற்காலியில உக்காந்த மத்தவங்க டார்ச்சைப் பாத்து என்ன செஞ்சாங்க?"

டாக்டர் யோசிச்சு யோசிச்சுச் சொன்னாரு. "ஒண்டும் செய்யேல்ல. கண் கொட்டாம லைட்டை முறைச்சுப் பாத்துக்கொண்டே பேசுவினம். கூசுது எண்டு சொன்னது..." அங்கயே நிறுத்திட்டாரு.

"சொன்னது லீலா," கோமளா முடிச்சாங்க. "முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சொன்னா. 'அக்கா, கூசுதுக்கா'ன்னா. எனக்குக் கேட்டுச்சு."

அப்புறம் என் கைப்பக்கம் குனிஞ்சாங்க. விரலை மோந்து பாத்தாங்க.

"மாலை எதுல கட்டுனீங்க?"

சொன்னேன். எந்த மரம், எப்படி ஒடிச்சேன், கற்பூரம், கண்ணுல ஒத்திக்கிட்டது எல்லாம் சொன்னேன். லீலாவும் அவ கடைசி வெள்ளிக்கிழமை அந்த மரத்துலதான் மாலை கட்டுனா. ரோஜா தீந்தது அந்த வாரம்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லத் தேவையும் இல்ல. லீலா கட்டுனதை அவங்களே நின்னு பாத்தவங்கதானே.

"டாக்டர், ஒரு பூவு கண்ணை இப்படிப் பண்ணுமா?"

"நான் பல்லுப் பாக்கிறவன் பிள்ளை. அந்த மரம் ஊமத்தைக்குச் சொந்தம்தான். ஊமத்தையில இருக்கிற ஒரு சாமானைத்தான் கண் டாக்டர்மார் சொட்டு மருந்தா விடுவினம், கருப்பை விரிச்சு உள்ள பாக்கிறதுக்கு. சாறு கண்ணில பட்டா அது நடக்கலாம். நடந்துதான் இருக்குதெண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது."

"அப்ப சந்தேகம்தானே?" லிங்கேஸ் குறுக்க வந்தான். "சந்தேகத்துக்கு எல்லாம் விட்டா, மேனேஜர் மாதிரி ஆயிடும்லா அக்கா. ரூல் போட்டது நீங்கதான். உங்க தங்கச்சிக்கே விடல. ஊர்க்காரருக்கு விட்டா வெளிய நிக்கிறவங்க சும்மா இருப்பாங்களா?"

அவன் கேட்டது நியாயம். நானே அந்த இடத்துல நின்னிருந்தா அதைத்தான் கேட்டிருப்பேன்.

"நிரூபிச்சிட்டா விடுவாங்க,"ன்னு சொல்லிட்டு கோமளா வெளிய கிளம்புனாங்க.

டாக்டர் வழியை மறிச்சாரு. குரலைத் தாழ்த்திப் பேசுனாரு, ஆனா எனக்குக் கேட்டுச்சு. "கோமளா, யோசிச்சுச் செய். இப்பவே முடிச்சா, இவருக்கு நோய் எண்டு போயிடும். லீலாவுக்கும் நோய் எண்டு இருக்கும். நீ செய்தது சரியெண்டு இருக்கும். நிரூபணமாச்சுதெண்டா, பிறகு உன்னால..."

"தெரியும் டாக்டர்."

"ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்ல பிள்ளை. நான் சொல்ல மாட்டன்."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே,"ன்னாங்க கோமளா. "தள்ளுங்க."

நான் அவங்களுக்கு யாரு? பெட்ஷீட்டு துவைக்கிறவன். சுட்டுட்டுப் போயிருந்தா அந்த மலையில ஒருத்தரும் ஏன்னு கேட்டிருக்க மாட்டாங்க. பரமக்குடியில இருக்கிற என் அண்ணனுக்குத் தகவலே போயிருக்காது.

திரும்பி வரும்போது அவங்க கையில ஒரு கொத்துப் பூவும் இன்னொரு நாற்காலியும். என் பக்கத்துல நாற்காலியைப் போட்டாங்க. வெளிய நின்ன கூட்டத்தை உள்ள கூப்பிட்டாங்க.

"எல்லாரும் பாருங்க. இப்ப என் கண்ணு சரியாத்தானே இருக்கு? டாக்டர், அடிங்க."

டாக்டர் டார்ச் அடிச்சாரு. "சுருங்குது," எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு.

கோமளா காம்பை ஒடிச்சு விரல்ல கசக்குனாங்க. லிங்கேஸ் கையைப் பிடிச்சிட்டான்.

"அக்கா, என் கண்ணுல போடுங்க. நான் உக்கார்றேன்."

"சுட்டது நானு. உன் கண்ணு எதுக்குடா?" துப்பாக்கியை எடுத்து அவன் கையில வச்சாங்க. இத்தனை நாள்ல அது கை மாறுனது அப்பதான். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. என் கண்ணு சுருங்கலைன்னா ஊர்க்காரருக்குச் செய்யறதை எனக்கும் செய்யணும். மொதல்ல எனக்குச் செய். கட்டு."

அவன் அழுதுக்கிட்டே கட்டுனான். கட்டுறதுக்கு முன்னாடி அவங்க விரலைக் கண்ணுல ஒத்திக்கிட்டது சாமி கும்பிடுற மாதிரியே இருந்துச்சு.

அதுக்கப்புறம் காத்திருந்தோம்.

"பயமா இருக்கா ஊர்க்காரரே?"

"ஆமாம்மா."

"எனக்கும்தான். உங்களுக்கு இந்தப் பூவு வேலை செய்யணும். எனக்கு..." கட்டுன கயித்தை இழுத்துப் பாத்தாங்க. "எனக்கு இது வேலை செய்யக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஒருத்தி கும்பிட்டுக்கிட்டு இருக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க."

"லீலா நல்லாப் பாடும்"னேன். ஏன் அதைச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல.

"கண்றாவியாப் பாடுவா,"ன்னு சிரிச்சாங்க. "பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டிருக்காங்க, தெரியுமா?"

சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே தலையைத் தூக்கி ஷெட்டு வாசலைப் பாத்தாங்க. வெளிய நல்ல வெயில். கண்ணை இறுக்கிச் சுருக்குனாங்க. அவங்க சிரிப்பு போன விதத்துலேயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

"டாக்டர், அடிங்க," கோமளா சொன்னாங்க. "எனக்குக் கூசுது."

டாக்டர் டார்ச் அடிச்சாரு. கூட்டத்தைக் கிட்ட வரச் சொல்லி ஒவ்வொருத்தரையும் பாக்க வச்சாரு. கருப்பு அவ்வளவு பெருசா விரிஞ்சு, அசையாம நின்னுச்சாம். லீலா கண்ணு எப்படி இருந்துச்சோ அச்சு அசல் அப்படியேன்னு முனியம்மா வாய்விட்டே சொல்லிட்டாங்க.

"லிங்கேஸ்," கோமளா கூப்பிட்டாங்க. "சட்டப்படி நான் செத்தவ. சுடு."

துப்பாக்கி சிமெண்டுத் தரையில விழுந்த சத்தம் கேட்டுச்சு. அந்தப் பையன் அதுக்குப் பக்கத்துலேயே உக்காந்துட்டான்.

ஒரு நாள் முழுக்க எங்க ரெண்டு பேரையும் ஷெட்டுலேயே வச்சிருந்தாங்க. கோமளாதான் அப்படி வைக்கச் சொன்னாங்க, யாருக்கும் மிச்ச சந்தேகம் இருக்கக் கூடாதுன்னு. நாங்க நடையன் ஆகல. எனக்குப் பசிச்சுச்சு, அவங்களுக்குத் தண்ணி தவிச்சுச்சு. கட்டை அவுத்ததும் கோமளா நேரா லீலாவைப் புதைச்ச இடத்துக்குப் போனாங்க. கண்ணு இன்னும் தெளியல, வேலியைத் தடவித் தடவிப் போனாங்க. அங்க நின்னு என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. யாரும் பின்னாடி போகல.

திரும்பி வந்தப்ப ரெண்டு பேரு கோடாலியோட மரத்துகிட்ட நின்னாங்க.

"விடுங்க,"ன்னாங்க. "சுத்தி வேலி போடுங்க, யாரும் தொடக் கூடாதுன்னு போர்டு வைங்க. மரம் என்ன பண்ணுச்சு? பூத்துச்சு. அவ சொன்னதைக் கேக்காம இருந்தது நாமதான்."

சாப்பாட்டு ஹாலுக்குப் போய் ஈரத் துணியால செவுத்தைத் துடைக்க ஆரம்பிச்சாங்க. "பேச்சைக் கேக்காதே"ங்கிற பாதி மட்டும் அழிஞ்சுச்சு. "கண்ணைப் பாரு" அப்படியே இருந்துச்சு. அது போதும்னு விட்டுட்டாங்க.

அப்புறம் ரேடியோ ரூம். கண்ணு தெரியாததால பட்டன் அமுக்க என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. எனக்கும் மங்கல்தான், ரெண்டு பேரும் சேந்து தடவிக் கண்டுபிடிச்சோம். எல்லாக் கேம்பும் கேக்கற நேரம் அது. மலாய்ல பேசுனாங்க. லாண்டரியில கத்துக்கிட்ட மலாய் எனக்கு, அதனால புரிஞ்சுச்சு.

"என் பேரு கோமளவல்லி. டார்ச் சோதனையை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நானு. அதுல ஒரு தப்பு இருக்கு. அந்தத் தப்புல என் தங்கச்சியை நானே சுட்டேன். அவளுக்கு நோய் இல்ல."

மரத்தைப் பத்தி, பூவைப் பத்தி, கூச்சத்தைப் பத்தி ஒண்ணு விடாமச் சொன்னாங்க. சந்தேகம்னா ஒரு நாள் கட்டி வைங்க, தண்ணி குடுங்க, பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து அவன் பேசுறதைக் கேளுங்கன்னாங்க. குரல் ஒரு இடத்துலயும் உடையல. சொல்லி முடிச்சிட்டு, "கேட்டுச்சா? பதில் குடுங்க,"ன்னாங்க.

ரேடியோவுல இரைச்சல் மட்டும் ஓடுச்சு. ரொம்ப நேரம்.

அப்புறம் ஒரு பொம்பளைக் குரல்: "எங்க ஸ்கூல் வாசல்ல அந்த மரம் இருக்கு. ரெண்டு பக்கமும்." அதோட அந்தக் குரல் நின்னுபோச்சு.

இன்னொருத்தர் வந்தாரு. "எங்க தோட்டக்காரர்..."ன்னு ஆரம்பிச்சவரு, மேல பேச முடியாம வச்சிட்டாரு.

அடுத்தடுத்து ஒண்ணு ரெண்டு கேம்பு. யாரும் கோமளாவைத் திட்டல. திட்டியிருந்தா அவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். மைக்கைப் பிடிச்ச கையை இன்னொரு கையால இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. சுடும்போது நடுங்காத கை அது.

கடைசியா ஒரு சின்ன வயசு ஆம்பளைக் குரல், மூச்சு வாங்கிக்கிட்டு: "எஸ்டேட் கேம்புலேருந்து பேசறேன். இங்க இப்ப ஒருத்தரு நாற்காலியில இருக்காரு. ரெண்டு தரம் அடிச்சாச்சு, மூணாவது அடிக்கணும். இங்க அந்த மரம் இருக்கான்னு தெரியல. நான் என்ன பண்ணணும்?"

கோமளா மைக்கை வாய்கிட்ட கொண்டு போனாங்க.

"அவரு பேரு என்ன தம்பி?"

"தெரியல. கேக்கல."

"கேளு. அப்புறம் வெளிச்சம் கூசுதான்னு கேளு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடற சத்தம். அந்தப் பையன் தூரத்துல யாரையோ கேக்கறான். யாரோ பதில் சொல்றாங்க, அழுதுக்கிட்டு, வேகவேகமா, நிறுத்தாம. வார்த்தை எங்களுக்குப் புரியல.

அப்புறம் டார்ச்சை அணைக்கிற சத்தம், 'டக்'குன்னு, தெளிவாக் கேட்டுச்சு.